எழுதப்படாத நச்சுக்கொடி

1934இல் இலங்கையின் ஈரவலயத்தில் மழை பொய்த்தது. வருடம் முழுதும் ஓடும் ஆறுகள் வற்றி, படுகைகளில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. அந்தக் குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. ஆண்டின் கடைசியில் தொடங்கிய மலேரியா சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. கேகாலையும் குருநாகலும் மிக மோசமாக அடிபட்டன. உலர்வலயத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்து ஓரளவு நிர்ப்பீடனம் பெற்றிருந்தார்கள். ஈரவலயத்தாருக்கு அது இருக்கவில்லை.

அந்த நாட்களில் கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மனையில் கடமையாற்றியவர் வைத்தியர் விக்கிரமசூரிய. 1879இல் திறக்கப்பட்ட அந்த மனை கொள்ளுப்பிட்டிச் சந்தியிலிருந்து ஓட்டோவில் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கின்சி வீதியில் இன்றும் இருக்கிறது. காய்ச்சலோடு வந்த கர்ப்பிணிகளை அவர் ஒவ்வொருவராகக் கவனித்து எழுதிவைத்தார். மலேரியா கர்ப்பிணிகளை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது என்பது அவருடைய குறிப்புகளில் தெரிந்தது. 1935இல் பிரித்தானிய மகப்பேற்றியல் சஞ்சிகை ஒன்றில் அதை எழுதினார். 1937இல் கொழுக்கிப்புழு நோயையும் சேர்த்து ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் மூலம் நூலாக்கினார். கர்ப்பகால மலேரியாவைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அந்த நூலைத் தேடிப் போகிறார்கள்.

ஏன் கர்ப்பிணிகள்? விடை கிடைக்க அறுபது வருடம் எடுத்தது. 1996இல் மிகால் ஃப்ரீட், பாட்ரிக் டஃபி என்ற இரு ஆய்வாளர்கள், மலேரியா ஒட்டுண்ணி புகுந்த செங்குழியங்கள் நச்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளும் விதத்தைக் கண்டுபிடித்தார்கள். நச்சுக்கொடியின் மேற்பரப்பில் கொண்ட்ரோயிட்டின் சல்பேற் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. ஒட்டுண்ணி அதைப் பற்றிக்கொள்வதற்கென்றே வார்-2-சி.எஸ்.ஏ. என்ற புரதத்தை வைத்திருக்கிறது. சிறுவயதில் பல முறை மலேரியா கண்ட பெண்ணுக்கும் இந்தப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதில்லை. அது ஒட்டுவதற்கான உறுப்பே முதல் முறை கர்ப்பம் தரிக்கும்போதுதான் அவள் உடலில் உண்டாகிறது. அதனால்தான் மலேரியா மலிந்த நாடுகளில் தலைச்சூலுக்கு ஆபத்து அதிகம், அடுத்தடுத்த சூல்களில் அது குறைகிறது. 1934இன் ஈரவலயம் போல நோய் அரிதான இடங்களில் இந்த வேறுபாடும் பெரிதாக இராது. எல்லாத் தாய்மாரும் அகப்படுவார்கள்.

2016 செப்ரெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் கர்ப்பகால மலேரியா பற்றிய ஆய்வு காட்டிய ஓர் உண்மை மலேரியாவுக்கு மட்டும் உரியதன்று. தாயின் நிர்ப்பீடனம் ஒரு கர்ப்பத்தில் நடந்ததை அடுத்த கர்ப்பத்துக்கும் நினைவில் வைத்திருக்கிறது. நாம் அந்த நினைவை எழுதி வைத்திருக்கிறோமா என்பதே, இந்த ஆராய்ச்சி முழுவதையும் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப எழுகிற கேள்வி.

முதலில் அந்த நிர்ப்பீடனம் கர்ப்பத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சிசுவின் பாதி தகப்பனுடையது. இன்னொருவரின் சிறுநீரகத்தை வைத்தால் நிராகரிக்கிற உடம்பு, பாதி அந்நியமான ஒரு சிசுவை மட்டும் எப்படி ஒன்பது மாதம் சுமக்கிறது? 1953இல் இந்தக் கேள்வியை முறையாக முன்வைத்தவர் பீற்றர் மெடவார். சிசுவும் தாயும் உடற்கூற்று ரீதியாகப் பிரிந்திருக்கலாம், சிசுவின் அடையாளங்கள் முதிராமல் இருக்கலாம், அல்லது தாயின் நிர்ப்பீடனம் அடங்கிப்போயிருக்கலாம் என்று மூன்று வழிகளை அவர் சொன்னார். எழுபது வருட ஆய்வு மூன்றையும் பெருமளவு திருத்திவிட்டது. தாயின் நிர்ப்பீடனம் உறங்குவதில்லை. கருப்பைச் சுவரில் இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்ற பெயருடைய வெண்குழியங்கள் கூட்டமாக வந்து நிற்கின்றன. பெயர் பயங்கரம், ஆனால் இவை செய்வது கட்டுமான வேலை. சிசுவின் பக்கத்திலிருந்து வரும் நச்சுக்கொடிக் கலங்கள் தாயின் குருதிக்குழாய்களுக்குள் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதை இவையும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெற் குழுவினர் 2004இல் இதன் மரபணுப் பக்கத்தைக் காட்டினார்கள். தாயின் கொல்லிக் கலங்களிலுள்ள கே.ஐ.ஆர். என்ற வாங்கிகளில் ஒரு வகையும், சிசுவின் கலங்களிலுள்ள எச்.எல்.ஏ.-சி மூலக்கூறில் ஒரு வகையும் சேர்ந்துவிட்டால், கர்ப்பத்தில் பிரஷர் கூடும் முன்சூல்வலிப்பு என்ற நோயின் ஆபத்து கூடுகிறது. பிறகு உகண்டாவின் மக்கெரேரே பல்கலைக்கழகத்தில் அனெற்றி நக்கிமுலி அதே கேள்வியைத் தம் மக்களிடம் கேட்டபோது, ஆபத்துச் சேர்க்கை அங்கும் இருந்தது, ஆனால் பாதுகாப்புத் தரும் மரபணுக்கள் ஐரோப்பியரிடம் இருந்தவை அல்ல. ஓர் இனத்தில் கண்ட விடையை இன்னோர் இனத்துக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இலங்கைத் தாய்மாரின் கணக்கை இலங்கைதான் போட வேண்டும்.

முன்சூல்வலிப்பு என்று நூல்கள் சொல்வதை வெள்ளவத்தையில் ஒரு தாய் “பிரஷர் கூடி, சலத்தில புரதம் போகுது” என்றுதான் சொல்வார். கால் முகம் வீங்கும், தலையிடிக்கும், கண் மங்கும். முற்றினால் வலிப்பு. இதன் வேர் பல வாரங்களுக்கு முன்பே விழுந்துவிடுகிறது. சாதாரணக் கர்ப்பத்தில் கருப்பையின் சுருளிநாடிகள் தம் தசைச் சுவரை இழந்து அகன்று, குருதி மெதுவாகவும் தாராளமாகவும் நச்சுக்கொடிக்குள் வர வழி விடுகின்றன. முன்சூல்வலிப்பு வந்தவர்களில் இந்த நாடிகள் ஒடுங்கியே கிடந்ததை 1960களின் பிற்பகுதியிலிருந்து புறோசன்ஸ், றொபேட்சன், டிக்சன் ஆகியோர் நுணுக்குக்காட்டியில் காட்டினார்கள். குருதி குறைந்தால் நச்சுக்கொடி வாடும் என்பது விளங்கியது. வாடிய நச்சுக்கொடி எப்படித் தாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் மூளையையும் கெடுக்கிறது என்பது விளங்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முக்கியமானவர் சென்னையில் மருத்துவம் படித்து அமெரிக்கா சென்ற சிறுநீரக வைத்தியர் ஆனந்த் கருமாஞ்சி. வாடிய நச்சுக்கொடி எஸ்-எஃப்.எல்.டி. 1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் குருதியில் கொட்டுகிறது என்று அவருடைய குழு 2003இல் காட்டியது. குருதிக்குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அந்தப் புரதம் பிடித்து முடக்கிவிடுகிறது. அதைக் கர்ப்பிணி எலிகளுக்கு ஏற்றியபோது பிரஷர் கூடியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகத்தில் இந்த நோய்க்கே உரிய மாற்றம் தெரிந்தது. அடுத்த வருடம் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நோய் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்பே இந்தப் புரதம் குருதியில் ஏறத் தொடங்குவது தெரிந்தது. இதை நச்சுக்கொடி வளர்ச்சிக் காரணியோடு ஒப்பிடும் குருதிப் பரிசோதனையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 மே மாதம் அங்கீகரித்தது. ஆய்வுகூடத்திலிருந்து கட்டிலோரம் வர இருபது வருடம்.

எல்லாருக்கும் இந்தக் கதை ஏற்புடையதன்று. லண்டன் சென் ஜோர்ஜ்ஸில் பணியாற்றும் பேராசிரியர் பாஸ்கி திலகநாதன் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். குற்றவாளி நச்சுக்கொடி என்று தீர்ப்பெழுத அவசரப்படாதீர்கள், தாயின் இருதயத்தைப் பாருங்கள் என்கிறார். கர்ப்பத்துக்கு முன்பே இருதயமும் குருதிக்குழாய்களும் சுமை தாங்க வலுவில்லாமல் இருந்தால் நச்சுக்கொடிக்குப் போதிய குருதி போகாது, நச்சுக்கொடி வாடுவது அதன் விளைவு என்பது அவருடைய வாதம். இரண்டு பக்கத்துச் சான்றையும் படிக்கும்போது, கடுமையாகவும் முன்கூட்டியும் வருகிற நோய்க்கு நச்சுக்கொடிக் கதை நன்றாகப் பொருந்துவதாகவும், நிறைமாதத்தில் வருகிறதற்கு இருதயக் கதை பொருந்துவதாகவும் எனக்குப் படுகிறது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் முப்பது வயதிலேயே வந்து நிற்கிற நம்மிடையே திலகநாதனின் கேள்வியை ஒதுக்கிவைக்க முடியாது.

காரணம் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. ஆனால் கையிலிருக்கும் மருந்துகள் மலிவானவை. மக்னீசியம் சல்பேற் அதில் ஒன்று. 2002இல் முடிந்த மக்பை பரிசோதனை 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை எடுத்துக்கொண்டு, இந்தச் சாதாரண உப்பு வலிப்பின் ஆபத்தைப் பாதிக்குக் கீழே கொண்டுவருவதைக் காட்டியது. கல்சியம் இன்னொன்று. நமது தாய்மார் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரையோடும் திரிபோஷவோடும் அது இலவசமாகவே கிடைக்கிறது. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் போதும், 1500 தேவையில்லை என்று பெங்களூரிலும் தன்சானியாவிலும் நடந்து 2024இல் வெளியான பெரிய பரிசோதனை சொல்கிறது. முழுங்கச் சிரமப்பட்டுப் பாதியில் மாத்திரையை நிறுத்துகிற எத்தனையோ பேருக்கு இது நல்ல செய்தி.

அஸ்பிரினின் வரலாறு வேறு மாதிரி. 1994இல் கிளாஸ்ப் என்ற பரிசோதனை 9,364 பெண்களுக்கு 60 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. பலன் சொல்லும்படியாக இல்லை, பலர் கைவிட்டார்கள். 2017இல் ஆஸ்ப்றே பரிசோதனை, ஆபத்துக் கூடியவர்கள் என்று முதலிலேயே இனங்கண்ட 1,776 பெண்களில், 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆம் வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தது. குறைமாதத்தில் வரும் முன்சூல்வலிப்பு 4.3 வீதத்திலிருந்து 1.6 வீதமானது. நாடிகள் திருத்தி அமைகிற அந்த ஆரம்ப வாரங்களில் தொடங்கியதும், போதிய அளவு கொடுத்ததும், தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் சேர்ந்தே இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தன என்று கருதப்படுகிறது.

இங்கேதான் கொழும்பு குறுக்கிடுகிறது. எட்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது இலங்கைச் சுகாதாரத் துறையின் நீண்டகால நியதி, பெரும்பாலான தாய்மார் அதைக் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் “மூண்டு மாசம் தாண்டட்டும், பிறகு சொல்லுவம்” என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. கண்ணூறுக்குப் பயந்து சொல்லாமல் இருப்பது ஒருபுறம். முதல் கர்ப்பத்தை இழந்தவள் மறுபடியும் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டிவருமே என்று கூசுவது மறுபுறம். அஸ்பிரின் மிக அதிகமாகத் தேவைப்படக்கூடியவர்களில் அவளும் ஒருத்தி. அவளுக்கு அந்த மூன்று மாதம் வீணாகப் போகக் கூடாது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், மருத்துவ மாதுவிடமும் வைத்தியரிடமும் சொல்லட்டும்.

நிர்ப்பீடனம் நேரடியாகத் தாக்கும் நோய்களில் றீசஸ் பிரச்சினையை ஏறத்தாழ வென்றாகிவிட்டது. நம்மில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் றீசஸ் எதிர்மறைக் குருதி உடையவர்கள். அப்படியான தாய்க்குப் பிரசவமாகி 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி போட்டால் அடுத்த சிசுவின் செங்குழியங்களை அழிக்கும் பிறபொருளெதிரி உருவாகாது. கருச்சிதைவுக்குப் பிறகும் இது தேவைப்படலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை.

கடினமானது பொஸ்போலிப்பிட்டு எதிரி நோய்த்தொகுதி. 1983இல் லண்டனில் கிரகம் ஹியூஸ் விவரித்த இந்த நோயில் தாயின் பிறபொருளெதிரிகள் குருதியை உறையவைக்கின்றன, நச்சுக்கொடியின் அமைப்பையும் குலைக்கின்றன. குருதிப் பரிசோதனை ஒருமுறை காட்டினால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடியும் காட்ட வேண்டும். 1997இல் லண்டன் சென் மேரீஸில் ராஜ் ராயும் லெஸ்லி றீகனும் செய்த பரிசோதனையில், அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 வீதமானோரும் அஸ்பிரினோடு ஹெப்பாரினும் எடுத்தவர்களில் 71 வீதமானோரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். மூன்று, நான்கு கருவை இழந்து “இவளுக்குத் தங்காது” என்று பேச்சுக் கேட்ட ஒருத்திக்கு இதைவிடப் பெரிய செய்தி இல்லை. குறை அவளுடைய நடத்தையிலோ தலைவிதியிலோ இருக்கவில்லை.

அதே துயரத்தை நம்பிப் பிழைக்கிற சந்தையும் இருக்கிறது. தகப்பனின் வெண்குழியங்களைத் தாய்க்கு ஏற்றினால் கரு தங்கும் என்ற சிகிச்சை 1980களில் பரவியது. 1999இல் கரோல் ஓபர் தலைமையில் நடந்த கட்டுப்படுத்திய பரிசோதனையில், ஏற்றப்பட்டவர்களுக்கு ஏற்றப்படாதவர்களைவிடப் பலன் குறைவாகவே இருந்தது. 2002இல் அமெரிக்கா அதை ஆராய்ச்சிக்கு வெளியே கொடுக்கக் கூடாதென்றது. ஆனாலும் இந்தியாவில் சில இடங்களில் அது இன்றும் விற்பனையாகிறது, இங்கிருந்தும் தம்பதிகள் கடல் தாண்டிப் போகிறார்கள். குருதியிலுள்ள கொல்லிக் கலங்களை எண்ணித் தாள் கொடுக்கும் பரிசோதனையும் இப்படித்தான். கருப்பையில் வேலை செய்பவை வேறு, கையிலிருந்து எடுத்த குருதியில் ஓடுபவை வேறு. நகை அடகு வைத்து இந்தத் தாளை வாங்குகிறவர்களிடம் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும்.

லூப்பஸ் உள்ள தாய்மாருக்கு ஹைட்றொக்சி குளோறோகுயின் மாத்திரையைக் கர்ப்பத்தில் நிறுத்தாமல் தொடர்வது தாய்க்கும் சிசுவுக்கும் நல்லது என்பதும் இன்று தெளிவு. “வயித்தில பிள்ளை, மருந்து வேண்டாம்” என்று வீட்டில் நிறுத்திவிடுவதால் நேரும் சேதம் அதிகம். நச்சுக்கொடி அளவுக்கு மீறி ஆழமாக இறங்கும் நோய் இன்னொரு பக்கம் கூடிவருகிறது. சத்திரசிகிச்சைப் பிரசவத் தழும்பில் அடுத்த நச்சுக்கொடி பற்றிக்கொண்டால் அது பிரசவத்தில் பிரியாமல் குருதியை ஆறாகப் பெருக்கும். நாள் நட்சத்திரம் பார்த்து வயிற்றை வெட்டச் சொல்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொழும்புக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள், கொழும்பு மாவட்டம் முன்னணியில் நின்றது. டெங்கில் குருதிச் சிறுதட்டு இறங்கும், ஈரல் நொதியங்கள் ஏறும். முன்சூல்வலிப்பின் மோசமான வடிவமான ஹெல்ப் நோயிலும் இதே இரண்டும் நடக்கும். ஒன்றில் பிரசவத்தைத் தள்ளிப்போடுவது உயிரைக் காக்கும், மற்றதில் பிரசவம்தான் சிகிச்சை. கொட்டாஞ்சேனையிலிருந்து எட்டாம் மாதத்தில் காய்ச்சலோடு ஒரு தாய் வாட்டுக்கு வந்தால், நிபுணர் முடிவெடுக்க மிகவும் உதவுவது அவளுடைய பழைய பிரஷர் பதிவும் முன்னைய கர்ப்பத்தின் கதையும்தான்.

அந்தக் கதை எங்கே இருக்கிறது? வெள்ளவத்தையில் வாழும் பல தமிழ்த் தாய்மார் தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போயிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில், வவுனியாவில், மட்டக்களப்பில் பிறந்த பிள்ளை அது. இரண்டாவதுக்குக் கொழும்பில் மாநகர சபைக் கிளினிக்கில் பதிவு, மாலையில் ஒரு நிபுணரைச் சனல் பண்ணுவது, ஸ்கான் வேறோர் இடத்தில், பிரசவம் அரசாங்க வைத்தியசாலையில். கர்ப்பிணிப் பதிவு அட்டையில் முன்னைய கர்ப்பங்களுக்கு ஒதுக்கிய கட்டங்களில் ஆணா பெண்ணா, எத்தனை கிலோ, சாதாரணமா சிசேரியனா என்பது வரும். நச்சுக்கொடி எப்படி இருந்தது என்பது வராது. தாயைக் கேட்டால் “பிரஷர் கொஞ்சம் இருந்ததாம்” என்பார். டிஸ்சார்ஜ் அட்டை ஆங்கிலத்தில், மருத்துவ மாது பேசுவது சிங்களத்தில், தாய்க்குத் தெரிந்தது தமிழ்.

பிரசவ அறையில் நச்சுக்கொடியைப் பார்க்கும் பழக்கம் இல்லாமல் இல்லை. மருத்துவ மாது அதைத் தட்டில் விரித்து வைப்பார். ஏறத்தாழ அரைக் கிலோ நிறை, ஒரு சாண் அகலம். தாயின் பக்கம் கருஞ்சிவப்பாக, பதினைந்து இருபது மடல்களாகப் பிரிந்திருக்கும். சிசுவின் பக்கம் வழுவழுப்பாக, நடுவிலிருந்து நாளங்கள் மரக்கிளை போலப் படர்ந்திருக்கும். ஒரு மடல் குறைந்தாலும் அது உள்ளே தங்கிக் குருதி பெருக்கும் என்பதற்காக எல்லாம் முழுதாக வந்துவிட்டதா என்று சரிபார்ப்பார். வெளிறி இறுகிய திட்டுகள் குருதி எட்டாமல் செத்துப்போன இடங்கள். ஒட்டிய கறுத்த குருதிக் கட்டியும் அதன் கீழே பள்ளமும் தெரிந்தால், நச்சுக்கொடி முன்பே பிரிந்திருக்கிறது. பயின்ற கண்ணுக்கு இரண்டே நிமிடம் போதும். “முழுமையாக வெளியேறியது” என்று ஒரு வரி எழுதி, மீதி கழிவு வாளிக்குப் போய்விடுகிறது.

எழுதி வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மைசூரைப் பார்க்கலாம். அங்குள்ள ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934இலிருந்து பிறந்த குழந்தைகளின் நிறை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைக் குறித்துவந்தார்கள். அறுபது வருடம் கழித்து, கருப்பையில் வளர்ச்சி குன்றுவது பிற்கால இருதய நோய்க்கு வித்திடும் என்ற டேவிட் பார்க்கரின் கருதுகோளைச் சோதிக்க வந்த ஆய்வாளர்கள் அந்தப் பேரேடுகளைக் கொண்டு 517 பேரைத் தேடிப்பிடித்தார்கள். பிறக்கும்போது நிறை குறைந்திருந்தவர்களிடையே நடுவயதில் இருதய நோய் கூடுதலாக இருந்தது. 1996இல் வெளிவந்த அந்த முடிவு, கருப்பையில் பட்ட பசி ஐம்பது வயதில் நெஞ்சில் தெரியும் என்பதைத் தென்னிந்தியாவிலேயே நிறுவியது. அந்தப் பேரேட்டை நிரப்பிய தாதிமாருக்கு இப்படியொரு ஆய்வு வரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

பிள்ளையின் நெஞ்சு மட்டுமா? முன்சூல்வலிப்பு கண்ட தாயின் நெஞ்சும்தான். 2007இல் ஏறத்தாழ 35 இலட்சம் பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்த மீளாய்வில், அவர்களுக்குப் பின்னாளில் உயர் குருதியமுக்கம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு, இருதய நோய்க்கும் பாரிசவாதத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. பிரசவத்தோடு பிரஷர் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகி, ஆறாவது வாரக் கிளினிக்கோடு கணக்கை முடித்துவிடுகிறோம். பிறகு நாற்பத்தைந்து வயதில் நெஞ்சு நோவோடு வருகிறவளிடம் பிள்ளைப்பேற்றின் கதையை யாரும் விசாரிப்பதில்லை.

இந்தக் கதையை எழுதி வைக்கப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த இயந்திரமோ தேவையில்லை. நச்சுக்கொடியை நிறுத்து, திட்டும் கட்டியும் உண்டா இல்லையா என்று இரண்டு கட்டத்தில் குறிக்கலாம். செத்துப் பிறந்த சிசு, மிகவும் வளர்ச்சி குன்றிய சிசு, கடுமையான முன்சூல்வலிப்பு என்ற மூன்று நிலையில் நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கலாம். அறிக்கையின் சாரத்தைத் தாயின் மொழியில் ஒரு பந்தியாக அவள் கையில் கொடுக்கலாம், அடுத்த கர்ப்பத்தில் எந்த வாரத்துக்குள் அஸ்பிரின் பற்றிக் கேட்க வேண்டும் என்ற வரியோடு. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென 1996 முதல் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள், மார்பகமும் கருப்பைக் கழுத்தும் பரிசோதிக்கிறார்கள். அங்கே நிரப்பும் படிவத்தில் “உங்கள் கர்ப்பங்களில் எதிலாவது பிரஷர் கூடியதா, குழந்தை நிறை குறைந்து பிறந்ததா, வயிற்றிலேயே இழந்தீர்களா” என்று மூன்று கேள்விகளைச் சேர்த்து, ஆம் என்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை திருப்பி அழைக்கும் பட்டியலில் போடலாம். கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் மாநகர சபை மருத்துவ மாதுகள் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். அந்தக் கேள்விகளைத் தமிழிலும் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுத்தால் இந்த வருடமே தொடங்கலாம்.